யாரும் பார்க்காத நரகம்

உலகம் அழிந்த பிறகு எஞ்சியவர்கள் எப்படி வாழ்வார்கள், ஒரு சர்வாதிகாரி மனித மனத்தின் கடைசி மூலை வரை நுழைந்துவிட்டால் என்னவாகும் என்று சொல்லும் கதைகளுக்கு இன்று பெரிய சந்தை இருக்கிறது. நாவல், சித்திரக்கதை, திரைப்படம், இணையத் தொடர் என எல்லா வடிவத்திலும் அவை விற்கின்றன. ஆங்கிலத்தில் இவ்வகையை டிஸ்டோபியா என்கிறார்கள். இருண்ட உலகக் கதை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தமிழில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், என் மாணவர்களில் பெரும்பாலோர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைச் சொல்வார்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் வந்த கதை அது. குடிமக்களின் பெயர்கூட இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஆணையிடும் அரசு அதில் உண்டு. நல்ல பதில்தான். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எங்கள் தாமிரபரணிக் கரைக்காரர் ஒருவர் இந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது என் எண்ணம். அவர் எதிர்காலத்தைப் பற்றி எழுதவில்லை. தம் காலத்தைப் பற்றி எழுதினார். அதனாலேயே அவரை இந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை.

சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தனைத்தான் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1906-இல், கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில். அதே ஆண்டில்தான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறையில் தாசில்தார். இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1903-இல், பீகாரின் மோத்திஹாரியில் அபினித் துறை அதிகாரி ஒருவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்று உலகம் அறிந்தது அவனைத்தான். இருவருமே பிரிட்டிஷ் அரசின் வருவாய்க் கணக்கில் சம்பளம் வாங்கிய வீடுகளின் பிள்ளைகள். இந்த ஒப்புமை தற்செயலானது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அது இத்துடன் நிற்கவில்லை என்பதால் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

விருத்தாசலத்துக்கு எட்டு வயதானபோது தாய் பர்வதத்தம்மாள் இறந்துபோனார். சிற்றன்னை வந்தார். தந்தையின் பணிமாற்றத்துக்கு ஏற்ப ஊர் ஊராகப் பள்ளி மாறியது. 1918-இல் தந்தை ஓய்வுபெற்றதும் குடும்பம் சொந்த மாவட்டமான திருநெல்வேலிக்குத் திரும்பியது. நெல்லை இந்துக் கல்லூரியில் அவர் பி.ஏ. முடித்தபோது வயது இருபத்தைந்தாகிவிட்டது. அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனோ ஆங்கில நாவல்களிலும் துப்பறியும் கதைகளிலும் மூழ்கிக் கிடந்தார். 1932-இல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். தந்தையோடு பூசல் முற்ற, எழுதிப் பிழைப்பது என்ற முடிவோடு சென்னைக்குப் போனார். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உலகப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், தமிழில் சிறுகதை எழுதி வாழ்வது என்று ஒருவர் முடிவெடுப்பதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

1933-இல் தொடங்கப்பட்ட ‘மணிக்கொடி’ அவருக்கு இடம் கொடுத்தது. 1934-இல் வெளியான ‘பொன்னகரம்’ அச்சில் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். தலைப்பைக் கவனியுங்கள். பொன்னகரம் என்பது கனவு நகரம், குறையற்ற உலகம். ஆல்டஸ் ஹக்ஸ்லி தம் நாவலுக்குத் துணிச்சலான புதிய உலகம் என்று கேலியாகப் பெயரிட்டு வெளியிட்டது 1932-இல். இரண்டு ஆண்டுகள் கழித்து, சென்னையின் சந்து ஒன்றுக்குப் புதுமைப்பித்தன் அதே வகையில் பெயர் வைத்தார். ஹக்ஸ்லியின் உலகில் எல்லோருக்கும் வயிறு நிறைகிறது, மனம்தான் பட்டினி. பொன்னகரத்தில் வயிறே முதல் கேள்வி. ஆலையில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவனுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பு பற்றிய நம் பேச்சுகளை அந்தக் கதை என்ன செய்தது என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. என் கவனம் வேறொன்றில் நிற்கிறது. அம்மாளுவை யாரும் கண்காணிக்கவில்லை, யாரும் தண்டிக்கவும் இல்லை. நகரத்துக்கு அவள் கண்ணிலேயே படவில்லை.

இங்கேதான் அவர் மேலைநாட்டு எழுத்தாளர்களிடமிருந்து பிரிகிறார். ரஷ்யரான சாமியாத்தின் 1920-களில் எழுதிய நாவலில் வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. அரசின் கண் எப்போதும் உள்ளே இருக்கும். ஆர்வெல்லிடம் அந்தக் கண் சுவரில் மாட்டிய திரையாயிற்று. அவர்களது நரகம், கண் மூடாத நரகம். புதுமைப்பித்தனின் நரகத்தில் எந்தக் கண்ணும் திறப்பதே இல்லை.

‘துன்பக் கேணி’யை இந்த வரிசையில் முதலில் வைக்க வேண்டும். 1935-இல் ‘மணிக்கொடி’யில் வந்த நெடுங்கதை. நெல்லைச் சீமைக் கிராமம் ஒன்றின் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி என்னும் பெண்ணின் கதை. இதைப் படிப்பதற்கு எங்கள் கடற்கரையைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியை முத்து நகர் என்கிறோம். முத்துக்குளித்தலைப் பற்றிப் பேசினால் பாண்டியரின் கொற்கையையும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தையும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தத் தொழிலின் கணக்கு எளிமையானது. இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக மூச்சடக்கி இறங்கியவனுக்குக் கிடைத்தது அவன் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டு பங்கு அரசுக்கு. சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. சூதாட்டத்தின் மேல் கட்டிய இந்தச் சந்தை, பார்கள் வெறுமையானபோதெல்லாம் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 1961-இல் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. வகுப்பில் பொதுவள அழிவைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, மேய்ச்சல் நிலத்துக்குப் பதிலாக முத்துப் பார்களையே உதாரணமாகச் சொல்லிவந்தேன்.

இதே துறைமுகத்திலிருந்து இன்னொரு சரக்கும் போயிற்று. மனிதர்கள். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து வந்த போட் மெயில் தூத்துக்குடியில்தான் நின்றது. இங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். ஊருக்கு அருகே தட்டப்பாறையில் தோட்டக் கூலிகளை நிறுத்திவைத்துச் சோதிக்கும் முகாம் இருந்தது. பிறகு அந்த வேலை மண்டபத்துக்கு மாறியது. கிராமத்துக்கு வரும் கங்காணி சொல்வது ஒரு கனவுலகக் கதை: தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும். நம்பினார்களா என்றால், பஞ்சத்தில் இருப்பவன் நம்பாமல் என்ன செய்வான்? கப்பல் கூலி, முன்பணம், அரிசி, கம்பளி எல்லாம் கடனாகத் தலையில் ஏறும். அந்தக் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அடுத்த தோட்டக்காரன் துண்டில் உள்ள தொகையைக் கட்டினால், ஆளும் அவனுக்கு மாறுவான். 1921-இல் இந்த முறையைச் சட்டம் ஒழித்தது. கடன் ஒழியவில்லை.

எதிர்காலக் கதைகளில் வருவதெல்லாம் இதில் இருக்கிறது: கற்பனை உலகத்தின் விளம்பரம், தடுப்பு முகாம், உடலின் மேல் ஒட்டிய எண், வெளியேற முடியாத இடம். புதுமைப்பித்தன் இவற்றை எல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மருதியை அனுப்பிவைத்தார். தோட்டத்தில் துரையின் இச்சைக்கும், நோய்க்கும், வறுமைக்கும் இடையில் அவள் உடல் தேய்வதைக் காட்டினார். தோட்டத்தில் அவளுக்குப் பேரேட்டில் பெயர் உண்டு. நாள்தோறும் எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கும் பார்ப்பதற்கும் உள்ள தூரம்தான் அந்தக் கதை. ஒரு புள்ளிவிவரத் துறைக்காரன் தலைகுனிந்து படிக்க வேண்டிய இடம் இது.

‘மணிக்கொடி’ சம்பளம் கொடுத்துக் காக்கும் பத்திரிகை அன்று. ‘ஊழியன்’ வழியாக நாளிதழ் வேலைக்கு வந்தார். ‘தினமணி’யில் டி.எஸ். சொக்கலிங்கத்தின் கீழ் பல ஆண்டுகள். அந்த மேசையில் நாள்தோறும் வந்து விழுந்த தந்திச் செய்திகளில் ஐரோப்பா எரியத் தொடங்கியிருந்தது. முசோலினியைப் பற்றிப் ‘பாசிஸ்ட் ஜடாமுனி’ என்ற நூலை எழுதினார். ந. ராமரத்னத்துடன் சேர்ந்து ஹிட்லரைப் பற்றிக் ‘கப்சிப் தர்பார்’ எழுதினார். இந்த இரண்டாவது தலைப்பைவிடச் சுருக்கமாகச் சர்வாதிகாரத்தைத் தமிழில் யாரும் வரையறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஜடாமுனி என்பதும் சும்மா வந்த சொல்லன்று. எங்கள் பக்கத்தில் மரத்தடிப் பேயாக, காவல் தெய்வமாக அஞ்சிக் கும்பிடும் உருவம் அது. ரோமாபுரிச் சர்வாதிகாரியைக் கொண்டுவந்து நெல்லைச் சீமையின் ஆலமரத்தில் உட்காரவைத்தார்.

அவருடைய மொழிபெயர்ப்புகளைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவர் அவர்தான். அறிவியல் தன் படைப்பைக் கைவிட்டால் என்ன நேரும் என்று கேட்ட முதல் பெரும் நாவல் அது. அதே மேரி ஷெல்லிதான் 1826-இல், கொள்ளைநோயால் மனித குலமே அழிந்து ஒருவன் மட்டும் மிஞ்சும் கதையையும் எழுதினார். பேரழிவுக் கதைகளின் தாய் என்று அவரைச் சொல்லலாம். புதுமைப்பித்தன் அந்தத் தாய்வீட்டைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டது வியப்பளிக்கிறது. பிரேத மனிதனின் குற்றங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: படைத்தவன் அவனை ஏறிட்டுப் பார்க்க மறுத்தான். மொழிபெயர்க்க ஏன் இந்த நூலைத் தேர்ந்தார் என்ற கேள்விக்கு எனக்கு இந்த விடை போதும்.

1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மாநகரம் கூட்டம் கூட்டமாகக் காலியானது. திரைப்படங்களில் நாம் பார்க்கும் ஆளில்லாத தெருக்கள், அன்றைய சென்னைக்காரர்கள் கண்ணால் கண்டவை. ஆனால் புதுமைப்பித்தனின் மிகக் கொடிய நகரச் சித்திரம் அதற்கு முன்பே, தெருக்கள் நிறைந்திருந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. ‘மகாமசானம்’ என்ற கதையில், மவுண்ட் ரோட்டின் நெரிசலுக்கு நடுவே, நடைபாதையில் ஒரு கிழவன் செத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இன்னொரு பிச்சைக்காரன். பழம் வாங்க வரும் ஒருவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. ஊர் தன் பாட்டுக்கு நடக்கிறது. சுடுகாடு என்பதற்கு ஆள் இல்லாத இடம் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை என்று அந்தத் தலைப்பு காட்டிவிடுகிறது. அந்தச் சாவை உற்றுப் பார்ப்பது குழந்தை மட்டும்தான்.

‘கபாடபுரம்’ என்றொரு கதையும் எழுதினார். கடல்கொண்ட அந்தப் பாண்டியத் தலைநகரைப் பற்றித் தமிழர் மனத்தில் இரண்டாயிரம் ஆண்டுக் கனவு ஒன்று இருக்கிறது. இடைச்சங்கம் அங்கே இருந்தது என்கிறது இறையனார் களவியல் உரை. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைப் பட்டியலிடும்போது பாண்டிய கவாடகம் என்று ஒன்றைச் சொல்கிறது. இழந்த பொற்காலமாகவே அதை எல்லோரும் பாடினார்கள். கடலடி நகருக்குள் நம்மை அழைத்துப் போன புதுமைப்பித்தன், அங்கே பொற்காலத்தைக் காட்டவில்லை, அச்சத்தைக் காட்டினார். அவருடைய ஆகச் சிறந்த கதை அது என்று நான் சொல்ல மாட்டேன். மாயமும் தத்துவமும் அளவுக்கு மீறிக் குழைந்திருக்கின்றன. ஆயினும் எங்கள் கடற்கரைக்காரனுக்கு அது தனிப்பொருள் உடையது. கபாடபுரத்தைக் கடல் கொண்டது. கொற்கையைக் கடல் கைவிட்டுப் போனது. இன்று கொற்கையில் நின்றால் அலையோசை கேட்காது, வாழைத் தோட்டம்தான் தெரியும். ஊர் அழிவதற்கு இரண்டு வழிகளும் இங்கே உண்டு.

1943-இல் சொக்கலிங்கம் ‘தினமணி’யை விட்டு விலகினார். புதுமைப்பித்தனும் கூடவே வெளியேறி, அவர் தொடங்கிய ‘தினசரி’க்குப் போனார். அங்கும் நிலைக்கவில்லை. பிறகு சினிமா. ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ படங்களுக்கு எழுதினார். தாயின் பெயரில் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தமாகப் பட நிறுவனம் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அந்த முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முதலீடு இல்லாதவன் அதிக ஆபத்துள்ள தொழிலில் இறங்கினால் நடப்பது நடந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனேக்குப் போனவர், காசநோய் முற்றித் திரும்பினார்.

இங்கே மோத்திஹாரியில் பிறந்தவரிடம் மீண்டும் வர வேண்டும். 1948-இல் ஆர்வெல்லும் காசநோயோடு போராடிக்கொண்டே தம் கடைசி நாவலை எழுதிக்கொண்டிருந்தார். காசத்துக்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. செல்வாக்குள்ள நண்பர்கள் மூலம் அமெரிக்காவிலிருந்து அது ஆர்வெல்லுக்கு வரவழைக்கப்பட்டது. உடல் தாங்கவில்லை, 1950 ஜனவரியில் இறந்தார். ஆனால் நாவலை முடிக்கும் காலம் அவருக்குக் கிடைத்தது. இந்தியாவில் அந்த மருந்து எளிதில் கிடைக்கும் பொருளாக இல்லை. புதுமைப்பித்தனுக்காக நண்பர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. 1948-இல், மனைவியின் ஊரான திருவனந்தபுரத்தில், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். மகள் தினகரி கைக்குழந்தை. அவர் தொடங்கிய ‘அன்னை இட்ட தீ’ என்ற நாவல் முடியாமலே நின்றுபோனது. சிறுகதையில் அவர் செய்ததை நாவலில் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று சிலநேரம் எண்ணிப்பார்ப்பதுண்டு. பயனற்ற எண்ணம்தான்.

அதே 1948-ஆம் ஆண்டில் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மலையகத் தமிழர் ஏறக்குறைய அனைவரும் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆயினர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9.75 லட்சம் பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம், எஞ்சிய 1.5 லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முத்துச் சிப்பியைப் பங்கு வைத்ததுபோல் இருந்தது. மருதியின் பேரப்பிள்ளைகள் கப்பலேறி மண்டபம் முகாமுக்குத் திரும்பி வந்தார்கள்.

2002-இல் தமிழக அரசு புதுமைப்பித்தன் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. 2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ‘பொன்னகரம்’, ‘துன்பக் கேணி’ ஆகிய இரண்டையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஒடுக்கப்பட்ட மக்களை அவர் சித்திரித்த விதம் இழிவானது என்பது எதிர்ப்பு. அந்த எதிர்ப்பை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அவர் வேளாளர் வீட்டுப் பிள்ளை. சேரியை வெளியிலிருந்து பார்த்தவர். அந்தப் பார்வையின் கோணல் சில வாக்கியங்களில் அப்படியே கிடக்கிறது. வகுப்பறையில் அதைச் சுட்டிக்காட்டி வாதிட வேண்டும். பாடத்தையே எடுத்துவிட்டால், வாதிட ஆளும் இல்லை, மருதியும் இல்லை. அவளைப் பற்றி வேறு எந்தப் பாடநூலில் படிக்கப்போகிறார்கள்?

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். தோட்டத் தொழிலாளர் பற்றிய பாடத்துக்குத் துணையாக ‘துன்பக் கேணி’யைப் படித்துவரச் சொல்லியிருந்தேன். அவள் அதை வீட்டில் பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பாட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணியின் ஆள் என்று மட்டும் விசாரித்தாராம்.